கைகட்டி நின்றவர்கள் படத்தில் நிமிர்ந்தது



நினைவுச் சொற்பொழிவு என்றால் மேடையில் மாலை போட்ட ஒரு படம் இருக்கும். எழுந்து பூத்தூவுவோம், உட்காருவோம். அந்தப் படத்தை உற்றுப் பார்க்கிறவர் குறைவு. ஆகவே இன்று படத்தைப் பற்றியே பேசலாம் என்று எடுத்துக்கொண்டோம். அதில் இருப்பவர் கையை எங்கே வைத்திருக்கிறார், கண் எங்கே பார்க்கிறது, முகம் இறுகியிருக்கிறதா, மலர்ந்திருக்கிறதா? அதைத் தீர்மானித்தவர் அவரா, கேமராவுக்குப் பின்னால் நின்றவரா?

இங்கே சதுரங்கப்பட்டினம் கோட்டைக்குள் டச்சுக்காரர்களின் கல்லறைகள் இருக்கின்றன. பெயரும் ஆண்டும் செதுக்கி, சிற்ப வேலையெல்லாம் செய்திருக்கிறார்கள். அவர்களுக்குத் துணிமூட்டை சுமந்தவர்களுக்குக் கல்லும் இல்லை, உருவமும் இல்லை. கேமரா வந்தபிறகு நம் உருவம் பதிவானது. ஆனால் எப்படிப் பதிவானது?

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைப் பெரும் பஞ்சம் வாட்டியது. அப்போது வில்லோபி வாலஸ் ஹூப்பர் என்ற ராணுவ அதிகாரி பட்டினி கிடந்தவர்களைப் படமெடுத்தார். அந்தப் படங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அவை தற்செயலாகக் கிடைத்த காட்சிகள் அல்ல. எலும்பும் தோலுமானவர்களை வரிசையாக உட்காரவைத்து, படுக்கவைத்து எடுத்தவை. அந்தக் காலத்துத் தகட்டில் படம் விழ ஆடாமல் அசையாமல் இருக்கவேண்டும். எழுந்து நிற்கவே தெம்பில்லாதவர்களை அசையாமல் இருக்கச் சொன்னார்கள். அந்த முகங்களில் நாம் காண்பது பசியை மட்டுமல்ல, ஒரு கட்டளைக்கு அடங்கியிருப்பதையும்தான்.

பிறகு வந்தவர் சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டன். மூக்கை அளந்தார், மண்டையை அளந்தார். கே. ரங்காச்சாரியின் துணையோடு 1909-இல் தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி ஏழு தொகுதிகள் வெளியிட்டார். இவ்வகைப் படங்களில் ஆளுக்குப் பெயர் கிடையாது, சாதிப்பெயர்தான் உண்டு. நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. சிரிப்பு, கோபம், வெட்கம் எதுவும் வேண்டாம், ஏனென்றால் முகபாவம் வந்துவிட்டால் அவர் தனி மனிதராகிவிடுவார். மாதிரியாகப் பயன்படமாட்டார்.

இதற்கு எதிர்வேலை நடந்த இடம் ஊர் ஸ்டுடியோ. இதை நாம் எழுதவேண்டும். ஒரு நாற்காலி, பின்னால் மலையும் மாளிகையும் வரைந்த திரை, பக்கத்தில் பிளாஸ்டிக் பூச்சாடி. ஸ்டுடியோக்காரரே கோட்டு தருவார். கைக்கடிகாரம் தெரியும்படி கையை வைக்கச் சொல்வார். நம் பெரியவர்களின் படங்களை எடுத்துப் பாருங்கள். ஆண்டை வீட்டு வாசலில் துண்டை இடுப்பில் கட்டியவர் இங்கே தோளில் போட்டிருப்பார். அங்கே நிற்கத்தான் முடியும், இங்கே நாற்காலி. கைகட்டுவதையே எடுத்துக்கொள்வோம். அங்கே உடம்பைக் குறுக்கிக் கை கட்டியவர், இங்கே நெஞ்சுக்கு மேலே உயர்த்தி, முகவாயைத் தூக்கிக் கட்டியிருப்பார். அதே இரண்டு கைகள்தான். தோளும் முகவாயும் மாறியதும் அர்த்தமே தலைகீழாகிவிட்டது.

முகம் ஏன் இவ்வளவு இறுக்கமாக இருக்கிறது என்று இளைஞர்கள் கேலி செய்வதுண்டு. அமெரிக்காவில் அடிமையாகப் பிறந்து தப்பிவந்த பிரெடரிக் டக்ளஸின் படங்களைப் பார்க்கச் சொல்வோம். சுமார் 160 படங்கள் இருக்கின்றன. 19-ஆம் நூற்றாண்டில் அந்த நாட்டில் அதிகம் படமெடுக்கப்பட்டவர் அவர்தான் என்கிறார்கள். பெரும்பாலும் சிரிக்கவே மாட்டார். அடிமைகள் சிரித்துக்கொண்டு சந்தோஷமாக இருக்கிறார்கள் என்று கேலிச்சித்திரங்கள் போட்ட நாட்டில் சிரிக்க மறுப்பது ஒரு அரசியல். நம் தாத்தா டக்ளஸைப் படித்ததில்லை. ஆனால் எஜமான் முன்னால் இளிக்கவேண்டியிருந்த முகத்துக்குக் கேமரா முன்னால் ஓய்வு கிடைத்தது.

அம்பேத்கரின் கோட்டைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறோம், உடல்மொழியைப் பற்றிக் குறைவு. 1934-இல் ராஜகிருகத்தில் எடுத்த குடும்பப் படத்தில் ரமாபாயும் மகன் யஷ்வந்தும் இருக்கிறார்கள். செல்ல நாய் டாபிகூட இருக்கிறது. அது ஒரு வீட்டுக்காரரின் அமைதி. 1967-இல் நாடாளுமன்ற வளாகத்தில் வைத்த சிலையில் பி. வி. வாக் செதுக்கியது வேறு ஆள்: ஒரு கையில் புத்தகம், மறு கை நீட்டிய விரல். ஊர் ஊராகச் சிமெண்டில் பரவியது இந்த விரல்தான். விரல் நீட்டிப் பேசக்கூடாது என்று சொல்லி வளர்க்கப்பட்ட பிள்ளைகளின் தெருமுனையில் அது நிற்கிறது. இரும்புக்கூண்டு போடுகிற அளவுக்கு அந்த உடல்மொழி உறுத்துகிறது.

செங்கல்பட்டு மாவட்டத்துக்காரர்களுக்கு இது புதிதல்ல. பஞ்சமி நில ஆணைக்குக் காரணமான 1891-ஆம் ஆண்டு அறிக்கையை எழுதிய ட்ரெமென்கீர் இந்த மாவட்டத்து ஆட்சியர். நூறு ஆண்டு கழித்து, காரணையில் பஞ்சமி நிலத்தில் வைத்த அம்பேத்கர் சிலை அகற்றப்பட்டது. 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் கொல்லப்பட்டார்கள். 2018-இல் சிவகங்கை மாவட்டம் கச்சநத்தத்தில் தலித்துகள் மூவர் வெட்டிக் கொல்லப்பட்டபோது, கால்மேல் கால் போட்டு உட்கார்ந்ததும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. உட்காரும் விதத்துக்கு உயிர்விலை வைத்திருக்கிற நாட்டில் ‘போஸ்’ என்பது அலங்காரச் சொல் அல்ல.

கடைசியாக, நம் அமைப்புகளின் பக்கம் வருவோம். வன்கொடுமை நடந்த ஊருக்கு உண்மை அறியும் குழுவாகப் போகிறோம். கையில் செல்போன் இருக்கிறது. அழுகிற தாயைப் படமெடுக்கிறோம். “அம்மா, கொஞ்சம் இப்படித் திரும்புங்க” என்றுகூடச் சிலர் சொல்கிறார்கள். துண்டறிக்கையில் அந்த முகம்தான் வருகிறது. ஹூப்பருக்கும் நமக்கும் நோக்கத்தில் மலையளவு வித்தியாசம். படத்தில் அந்த வித்தியாசம் தெரிகிறதா?

காயத்தின் படம் வழக்குக்குத் தேவை, அதை எடுத்தே ஆகவேண்டும். அது வழக்குக் கட்டோடு இருக்கட்டும். சுவரொட்டிக்கு எந்தப் படம் என்று அந்த வீட்டில் கேளுங்கள். பீரோவைத் திறந்து, திருமணத்தில் எடுத்ததையோ கல்லூரி அடையாள அட்டையில் இருப்பதையோ கொண்டுவருவார்கள். அதில் அவர் தலைசீவி, சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு நிற்பார். அந்தப் படத்தைப் போடுங்கள். புதிதாக எடுக்கவேண்டும் என்றால் முதலில் ஒரு நாற்காலி கேளுங்கள், அவரை உட்காரச் சொல்லுங்கள், நீங்கள் குனிந்து எடுங்கள். எடுத்ததை அவரிடம் காட்டி, வேண்டாம் என்றால் அங்கேயே அழித்துவிடுங்கள்.