ஊர் கூடும் விழாவும் உயிர் பெற்ற கோயிலும்



திருப்பத்தூரை அடுத்த இந்த ஜவ்வாது மலையில் புதூர்நாடு, புங்கம்பட்டுநாடு, நெல்லிவாசல்நாடு என்று நாட்டின் பெயராலேயே ஊர்கள் வழங்குகின்றன. நாடு என்பது மண்ணை மட்டும் குறிப்பதன்று. அம்மண்ணில் கூடி வாழும் மக்களையும் குறிப்பது. அத்தகைய நாடு கூடியிருக்கும் இவ்வேளையில், விழாவைப் பற்றியே சிறிது சிந்திப்போம்.

"இறைவன் அமைதியில் விளங்குபவன் அல்லவா? அவனுக்கு மேளம் எதற்கு, கடை எதற்கு, இத்தனை கூட்டம் எதற்கு?" என்று கற்றவர் சிலர் வினவுகின்றனர். வினா நியாயமானதே. அதற்கு விடையை நம் சமய ஆசாரியரிடமே கேட்போம்.

மயிலையில் சிவநேசரின் மகள் பூம்பாவை அரவு தீண்டி மாண்டாள். அவளுடைய எலும்பையும் சாம்பலையும் தந்தையார் ஒரு குடத்தில் இட்டு வைத்திருந்தார். திருஞானசம்பந்தர் அக்குடத்தின் முன் நின்று பாடினார். என்ன பாடினார்? உலகம் நிலையாதது என்று உபதேசித்தாரா? இல்லை. மயிலையில் நடைபெறும் விழாக்களை ஒவ்வொன்றாக எடுத்துரைத்து, இவற்றையெல்லாம் பாராமலே போய்விடலாமா என்று அப்பெண்ணைக் கேட்டார். அடியார்க்கு அமுது படைத்தல், ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கீடு, திருவாதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு என்று அடுக்கிக்கொண்டே செல்கிறார். பங்குனி உத்திரத்தை ஓசை மிகுந்த விழாவென்றே சிறப்பிக்கிறார். எலும்பு பெண்ணுருவாயிற்று என்பது சேக்கிழார் பெருமான் காட்டும் வரலாறு.

மாண்ட உயிரை மீட்க விழாவின் ஆரவாரத்தையே ஆளுடைய பிள்ளையார் கருவியாகக் கொண்டார் என்றால், அந்த ஆரவாரத்தை வீண் என்று தள்ள நமக்கு ஏது உரிமை?

ஒரு பெண்ணுக்கு நிகழ்ந்தது ஒரு கோயிலுக்கும் நிகழுமோ எனின், நிகழும். அதைக் காணத் தொலைவு செல்ல வேண்டா. 2019 நவம்பரில் திருப்பத்தூர் தனி மாவட்டம் ஆகும் வரையில் உங்கள் மாவட்டத் தலைநகராய் இருந்த வேலூரிலேயே காணலாம்.

வேலூர்க் கோட்டை விசயநகரக் காலத்தது. சுற்றிலும் அகழி, உள்ளே ஜலகண்டேசுவரர் திருக்கோயில். அதன் கல்யாண மண்டபத்துச் சிற்பங்களைக் கண்டவர் கண்ணெடுக்க மாட்டார். ஆனால் கோட்டை கை மாறி, பிசப்பூர்ப் படையும் மராட்டியரும் மொகலாயரும் ஆங்கிலேயரும் அடுத்தடுத்து வந்தனர். 1806 சூலை 10இல் சிப்பாய்கள் எழுச்சி கொண்டதும் அக்கோட்டையிலேதான். இப்போர்க்காலங்களிடையே கோயிலில் வழிபாடு நின்றது. கோபுரம் இருந்தது, தூண் இருந்தது, சிற்பம் இருந்தது; கருவறையில் இறைவன் இல்லை. பின்னர் அது தொல்லியல் துறையின் காப்பில் வந்தது. காணவந்தோர் கல்லைப் பார்த்து வியந்தனர், கைகூப்ப இடமில்லை. குடத்திலிருந்த எலும்பைப் போலவே அக்கோயில் பல தலைமுறை கிடந்தது.

எனினும் ஊரார் உள்ளத்தில் வழிபாடு நிற்கவில்லை. 1981 மார்ச் 16ஆம் நாள், சத்துவாச்சாரியில் இருந்த சிவலிங்கத்தை மக்கள் கோட்டைக்குள் கொண்டுவந்து எழுந்தருளச் செய்தனர். அன்று தொடங்கிய வழிபாடு இன்றும் நடைபெறுகின்றது. கட்டடம் அதே கட்டடம். மணி ஒலித்தது, மக்கள் கூடினர், கோயில் உயிர் பெற்றது.

வேலூரின் பழைய கடைத்தெருக்களைச் சித்திரை முழுநிலா இரவில் காணவேண்டும். பகலெல்லாம் விலை பேசிய வீதியில் பூப்பல்லக்குகள் அசைந்து வருகின்றன. வணிகரும் மூட்டை தூக்குவோரும் அருகருகே நின்று ஒரே தீபத்தைக் கண்டு கன்னத்தில் போட்டுக்கொள்கின்றனர். கருவறைக்கு நடந்துவர இயலாத முதியவர் வீட்டுத் திண்ணையிலிருந்தே தரிசிக்கின்றார். நாம் அவனிடம் செல்வது நித்திய வழிபாடு. அவன் நம்மிடம் வருவது விழா. வருபவனை வரவேற்க ஊர் விழித்திருக்க வேண்டாவா? அந்த விழிப்பின் ஓசையே விழாவின் ஆரவாரம்.

ஆனால் ஒன்றை மறத்தல் ஆகாது. சம்பந்தர் எடுத்துரைத்த விழாக்களில் முதலாவது அடியார்க்கு அமுதிடுதல். வந்தவர் பசி அறியாமல் நாம் எழுப்பும் ஓசை வெற்றோசையே ஆகும்.

இம்மலையில் விளையும் சாமையும் புளியும் தேனும் கீழ்நாட்டுச் சந்தைக்கு இறங்குகின்றன. அவற்றைப் போலவே இளைஞர் பலரும் பிழைப்பைத் தேடி இறங்குகின்றனர். இறங்கியவரைத் திரும்ப அழைக்கும் ஆற்றல் எதற்கு உண்டு? பணத்திற்கு இல்லை, பறையொலிக்கும் தீபத்திற்கும் உண்டு. விழா நின்றால் அவர்கள் வருவதற்கு ஒரு நாள் குறைகின்றது. பிறகு வரவே நின்றுவிடுகின்றது. ஆதலால் பெரிதாகச் செய்ய இயலாவிடினும் விடாது செய்யுங்கள். ஒரு விளக்கும் ஒரு பிடி சோறும் போதும். அவற்றைச் சுற்றி நாடு கூடட்டும்.

கூடும் அடியார் நடுவே கூத்தப்பெருமான் எழுந்தருளி அனைவரையும் காப்பானாக.

திருச்சிற்றம்பலம்.