கரையை அளக்கப் பிள்ளைகளை அனுப்புவோம்



பிளஸ் டூ முடித்த பிள்ளை சுற்றுச்சூழல் அறிவியலோ வரைபடத் துறையோ படிக்கப் போகிறேன் என்றால், "வெயிலில் அலைவதற்கு ஒரு படிப்பா?" என்கிறோம். கடலோடி மரைக்காயர்களின் வாரிசுகள் இப்படிக் கேட்கலாமா?

1154-ல் உலகப் படம் வரைந்து தந்தவர் அல் இத்ரீஸி. சென்னையில் 1794-ல் தொடங்கிய நில அளவைப் பள்ளியே பின்னாளில் கிண்டிப் பொறியியல் கல்லூரியானது. இன்று அங்கே புவித் தகவலியல் பட்டப் படிப்பு இருக்கிறது. புதுவைப் பல்கலைக் கழகத்திலோ சூழலியலுக்கென்றே ஒரு துறை உண்டு.

நமக்கு இது வீண் படிப்பல்ல. 2004 டிசம்பர் 26-ல் சுனாமி நம் கரையைச் சூறையாடியது. எந்தத் தெரு தாழ்வு, அரசலாறு எங்கே கரை மீறும், உப்பு நீர் எதுவரை ஏறும் என்று அளந்து படமாக்குவதே இத்துறையின் வேலை. கடலோரத்தில் எங்கே வீடு கட்டலாம் என்பதும், 1991-ம் ஆண்டு அரசு அறிவிப்பிலிருந்து, உயர் அலைக் கோட்டை வைத்தே முடிவாகிறது. வரைபடத்தைப் படிக்கத் தெரியாத ஊர், ஆட்சேபணை மனுவை எப்படி எழுதும்?

ஜமாஅத் பெரியோர்களே! கல்வி உதவி வழங்கும்போது மருத்துவத்தோடு இந்தப் படிப்பையும் சேருங்கள். நம் கரையை நம் பிள்ளைகளும் அளக்கட்டும்!