தண்ணி நின்னா உலை உருகும்



கரண்ட் போனா நம்ம மோட்டார் நிக்கும், பயிர் வாடும். ஜப்பான் புகுஷிமாவில் 2011 மார்ச் 11 அன்று மோட்டார் நின்னுது, அணு உலையே உருகிப் போச்சு.

நிலநடுக்கம் வந்ததும் ஓடிக்கொண்டிருந்த மூன்று உலைகளும் தானாக நின்றன. நிறுத்தினாலும் எரிபொருள் சூடு கக்கிக்கொண்டே இருக்கும். சுனாமி ஜெனரேட்டர்களை மூழ்கடித்தது. தீயணைப்பு வண்டி கொண்டு கடல்நீரை ஊற்றினார்கள். உலைச்சூடு 100 டிகிரிக்குக் கீழே வந்து நிலைப்பட்டது என்று அரசு அறிவிக்க டிசம்பர் ஆனது. இன்றைக்கும் தண்ணீர் ஊற்றுகிறார்கள்.

விவசாயி கறந்த பாலைத் தரையில் கொட்டினார். வயலின் மேல்மண்ணைச் சுரண்டி மூட்டை கட்டினார்கள். மேல்மண் போனா நமக்கு என்னங்க மிச்சம்?

அணு உலை எங்கே வந்தாலும் கேளுங்க: கரண்ட் போனா தண்ணி ஊத்த என்ன வழி? எங்க மண்ணுக்கு யார் பொறுப்பு?