மனநல வைத்தியரிடம் எதை எதிர்பார்க்கலாம்?



காய்ச்சல் கண்டவர் வைத்தியரை நாடுவதை ஊரார் இயல்பாகக் கொள்வர். மனம் நொந்தவர் நாடினாலோ, "அங்கொடைக்குப் போக வேண்டியவர்" என ஏளனம் செய்வாரும் உளர். கொழும்புக்கு அண்மையில், அங்கொடையில், மனநோய் வைத்தியசாலை 1926 ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றது. நோயாளரைத் தொலைதூரம் கொண்டுசென்று விட்டுவந்த காலத்தின் எச்சமே அவ்வேளனம்.

இன்று திருகோணமலைப் பொது வைத்தியசாலையிலேயே மனநலச் சிகிச்சை பெறலாம். கிண்ணியாப் பாலம் 2009 இல் திறக்கப்பட்டபின், அக்கரையிலிருந்து வருவோர் படகுத்துறையிற் காத்திருக்கும் வருத்தமும் நீங்கிற்று. வழி எளிதாயிற்று, ஆயினும் வைத்தியர் முன் அமர்ந்ததும் நாவெழாது திரும்புவோர் உளர். அங்கே தமக்கு உரியது யாதென அறியாமையே அதற்கொரு காரணம்.

முதலாவது, அவர் உங்கள் வாய்மொழியைக் கேட்டல் வேண்டும். உறக்கம், உணவு, தொழில், குடிப்பழக்கம், உண்டுவரும் வேறு மருந்துகள் யாவற்றையும் வினவுவார். "உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் உண்டா?" என்றும் கேட்பார். அக்கேள்வி அவ்வெண்ணத்தை விதைப்பதன்று. உயிரைக் காப்பதற்கே கேட்கப்படுவது. ஒளியாது விடை கூறுக. உறவினர் முன் சொல்லத் தயங்கினால், தனியே பேச விரும்புவதாகக் கூறலாம்.

இரண்டாவது, இரகசியம் காத்தல். உங்களுக்கோ பிறருக்கோ உயிராபத்து நேருமென அஞ்சும் வேளை போன்ற சில விலக்குகள் தவிர, சொன்னவை வெளிச்செல்லலாகாது.

மூன்றாவது, விளக்கம். நோய் யாது, மருந்து எதற்கு, எத்துணைக் காலம், பக்கவிளைவு என்ன என்று கேட்பது மரியாதைக் குறைவன்று. மனச்சோர்வுக்குரிய மருந்துகள் பயன்காட்டப் பெரும்பாலும் 2 முதல் 4 வாரங்களோ அதற்கு மேலுமோ செல்லும். நான்கு நாளில் குணமில்லையென்று நிறுத்திவிடுதல் தவறு. குணம் கண்டதும் தாமாகவே நிறுத்துதலும் தவறு. லித்தியம் உண்போருக்கு இடையிடையே இரத்தப் பரிசோதனை இன்றியமையாதது. வாய் வறட்சி, உடற்பருமன், நடுக்கம் எது தோன்றினும் வைத்தியரிடம் சொல்லுக. மருந்தையோ அளவையோ மாற்ற அவர் வழி காண்பார்.

நான்காவது, மொழி. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் கலந்து வாழும் துறைமுக நகர் இது. வைத்தியருக்குத் தமிழ் தெரியாதிருக்கலாம். 1987 இல் அரசியலமைப்புத் திருத்தத்தினால் தமிழும் அரசகரும மொழியாயிற்று. ஆதலால் மொழிபெயர்ப்பாளரை வேண்டுவது சலுகை கேட்பதாகாது. அப்பொறுப்பைச் சிறு பிள்ளையின் தலையிற் சுமத்தாதீர்கள். தாயின் கண்ணீரை மகள் மொழிபெயர்க்க நேர்வது இருவருக்கும் துன்பம்.

நெரிசல் மிகுந்த நாளில் கிடைக்கும் நேரம் குறுகியதே. எனவே கேட்க வேண்டிய மூன்று கேள்விகளை வீட்டிலேயே எழுதிச் செல்லுங்கள். மறுமுறை வரவேண்டிய நாளையும், இடையில் நிலைமை மோசமானால் எங்கே வருவது என்பதையும் அறிந்தே எழுங்கள்.

இரவில் துயர் பொறுக்கவொண்ணாதாயின், தேசிய மனநல நிறுவகத்தின் தொலைபேசி உதவிச் சேவை உண்டு. அதன் எண் 1926. அங்கொடை வைத்தியசாலை தொடங்கிய ஆண்டே அவ்வெண், மறத்தல் அரிது.