வயதுக்கு வயது மாறும் இரத்தச்சோகை

(ஆலயத் திருவிழாவையொட்டி நடைபெற்ற நலவாழ்வு நிகழ்ச்சியில் ஆற்றிய உரை)

 

ஆலய மண்டபங்களில் இரத்ததான முகாம் நடத்தும் நல்ல வழக்கம் நம்மிடையே உண்டு. அம்முகாம்களில், ஆவலோடு வரிசையில் நிற்கும் தாய்மார்களுள் சிலரைத் தாதியர் திருப்பி அனுப்பிவிடுவதைக் காணலாம். முன்பெல்லாம் விரல் நுனியில் எடுத்த ஒரு துளி இரத்தத்தை மயில்துத்தக் கரைசலில் விடுவார்கள். துளி மூழ்கினால் தானம் செய்யலாம்; மிதந்தால் கூடாது. இன்று சிறு கருவியொன்று அளவை எண்ணாகவே காட்டிவிடுகிறது. திருப்பி அனுப்பப்பட்டவரோ, "இரத்தம் கொஞ்சம் கம்மியாம்" என்று சொல்லி, மருந்துக் கடையில் ஒரு டானிக் வாங்கிக் குடித்துவிட்டு அதை மறந்துவிடுகிறார். எந்த வகை இரத்தச்சோகை, எதனால் வந்தது என்று அவரும் கேட்பதில்லை; வீட்டாரும் கேட்பதில்லை.

இது நம்மில் மிகச் சிலருக்கு மட்டும் உள்ள குறை என்று எண்ணிவிட வேண்டா. 2019ஆம் ஆண்டில் நம் சுகாதார அமைச்சு நடத்திய தேசிய ஆய்வில், 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களுள் பத்துப் பேரில் மூவருக்கு இரத்தச்சோகை இருப்பது தெரியவந்தது.

நம் முன்னோர் இந்நோயைப் பாண்டு என்றனர். பாண்டு என்றால் வெளிர் நிறம். நம்மவரின் மாநிறத்திலும் கருநிறத்திலும் முகத்தைப் பார்த்து வெளிறலை அறிவது கடினம். கீழ் இமையைச் சற்றே இழுத்து அதன் உட்புறத்தையும், நாக்கையும், உள்ளங்கை ரேகைகளையும் பார்க்க வேண்டும். படியேறினால் மூச்சிரைத்தல், படபடப்பு, தலைச்சுற்றல், ஓயாத அசதி ஆகியவை எல்லா வகைச் சோகைக்கும் பொது. ஆகையால் அறிகுறியை மட்டும் கொண்டு வகையைச் சொல்ல இயலாது.

உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி ஹீமோகுளோபின் ஆண்களுக்கு 13 கிராமுக்கும், பெண்களுக்கு 12 கிராமுக்கும், 5 முதல் 11 வயதுச் சிறுவர்க்கு 11.5 கிராமுக்கும் குறைந்தால் சோகை எனப்படும். கர்ப்பிணிகளுக்கு எல்லை 11. நடு மூன்று மாதங்களில் மட்டும் 10.5. வயதையும் நிலையையும் பாராமல் எண்ணை மட்டும் பார்த்துக் கலங்குவதும் தவறு, மகிழ்வதும் தவறு.

அடுத்து, அதே இரத்தப் பரிசோதனைத் தாளில் எம்.சி.வி. என்றோர் எண் இருக்கும். அது சிவப்பணுவின் பருமன். 80க்குக் கீழே இருந்தால் அணுக்கள் சிறுத்துள்ளன. 100க்கு மேல் இருந்தால் பருத்துள்ளன. சிறுத்திருந்தால் இரும்புச்சத்துக் குறைவோ தலசீமியாவோ இருக்கலாம். பருத்திருந்தால் ஃபோலிக் அமிலமோ வைட்டமின் பி12 சத்தோ குறைந்திருக்கலாம். இயல்பான பருமனோடு எண்ணிக்கை குறைந்திருந்தால் அண்மையில் ஏற்பட்ட இரத்தப்போக்கு, சிறுநீரகக் கோளாறு, நாட்பட்ட நோய் ஆகியவற்றை நினைக்க வேண்டும். மருத்துவரின் சிந்தனை பெரும்பாலும் இந்த ஓர் எண்ணிலிருந்தே தொடங்குகிறது.

பிறந்த குழந்தைக்கு ஹீமோகுளோபின் மிகுதியாக இருந்து, இரண்டு மூன்று மாதங்களில் தானே குறையும். இது இயற்கை. ஆனால் ஜி6பிடி என்னும் நொதிக் குறைவோடு பிறக்கும் குழந்தைகள் உண்டு; ஆண் குழந்தைகளே மிகுதி. நம் நாட்டு மருத்துவமனைகளில் தொப்புள்கொடி இரத்தத்திலேயே இதனைச் சோதித்துவிடுகின்றனர். இக்குறையுள்ள பிள்ளையின் சிவப்பணுக்களை அந்துருண்டையின் வாடையே உடைத்துவிடக்கூடும். அலமாரியில் அந்துருண்டையோடு மடித்து வைத்த பாட்டியின் பட்டுச் சேலையில் குழந்தையைப் பொதிந்து கோயிலுக்குக் கொண்டுவருவது அழகான வழக்கந்தான். சேலையைத் துவைத்து வெயிலில் உலர்த்திய பிறகு செய்வோம். குழந்தை மஞ்சளித்தாலோ, சிறுநீர் தேநீர் நிறத்தில் போனாலோ அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

ஆறு மாதம் கடந்த குழந்தைக்குத் தாய்ப்பாலில் உள்ள இரும்பு மட்டும் போதாது. இணை உணவு தராமல் பாலையே நிறைய ஊட்டி வளர்க்கும் குழந்தை கொழுகொழுவென்று இருக்கும், இரத்தமோ வெளுத்திருக்கும். மண், சாம்பல், பச்சரிசி, ஐஸ் ஆகியவற்றைத் தின்னும் ஆசை இரும்புக் குறைவின் ஓர் அடையாளம். சில கர்ப்பிணிகள் திருநீற்றைக் கிண்ணம் கிண்ணமாகத் தின்பதுண்டு. மாமியார்கள் அதைப் பக்தியின் மிகுதி என்று விட்டுவிடாமல் இரத்தத்தைச் சோதிக்கச் செய்தல் நலம்.

முந்தைய தலைமுறையில், ரப்பர்த் தோட்டங்களில் வெறுங்காலோடு நடந்த நம் பாட்டன் பாட்டியர்க்குக் கொக்கிப்புழுவே பெரும் பகையாக இருந்தது. பாதத் தோல் வழியே நுழைந்து, குடலில் தங்கி, நாள்தோறும் இரத்தத்தை உறிஞ்சும் புழு அது. கழிவறையும் செருப்பும் வந்தபின் தணிந்தது. அக்கால மக்களைச் சோம்பேறிகள் என்று ஏசிய துரைமார்கள் அவர்கள் உடம்பில் இரத்தம் இருந்ததா என்று பார்த்தார்களா, தெரியவில்லை.

கர்ப்பிணிகளைப் பற்றிச் சொல்லும்போது லூசி வில்ஸ் என்ற ஆங்கிலப் பெண் மருத்துவரை நினையாதிருக்க முடியாது. 1928இல் பம்பாய்க்கு வந்த அவர், துணி ஆலைகளில் வேலை செய்த ஏழைக் கர்ப்பிணிகள் பருத்த சிவப்பணுக்களோடு கூடிய கொடிய சோகையால் மடிவதை ஆராய்ந்தார். குன்னூரிலும், 1931இல் சென்னைத் திருவல்லிக்கேணியிலுள்ள கோஷா ஆஸ்பத்திரியிலும் (இன்றைய கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை) அவர் பணி தொடர்ந்தது. விலையுயர்ந்த ஈரல் சாற்றுக்கு மாற்றாக அவர் கண்டது என்ன தெரியுமா? நம் வீடுகளில் ரொட்டியில் தடவியும் கஞ்சியில் கலந்தும் உண்ணும் அதே மார்மைட்! அதிலிருந்த சத்து பின்னர் 1941இல் கீரையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டு, இலை என்னும் பொருள்படும் இலத்தீன் சொல்லால் ஃபோலிக் அமிலம் எனப் பெயர் பெற்றது. இன்று கிளினிக்கில் கர்ப்பிணிகளுக்குத் தரும் சிறு மாத்திரையின் வரலாற்றில் நம் தமிழ்த் தாய்மார்களுக்கும் பங்குண்டு.

இனி, மிகவும் குழப்பம் தரும் தலசீமியாவுக்கு வருவோம். இது பெற்றோரிடமிருந்து வருவது; தொற்றுவதன்று. ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றவர் சுமப்பாளர். இலேசான சோகை தவிர அவருக்குத் துன்பமில்லை. சிறுத்த அணுக்களைக் கண்டு, இரும்புக் குறைவு என்று கருதி, ஆண்டுக்கணக்காக இரும்பு மாத்திரை விழுங்குவோர் இவர்களுள் உண்டு. ஃபெரிட்டின் என்னும் சோதனை உடலின் இரும்பு இருப்பைக் காட்டிவிடும். அது போதிய அளவில் இருந்தும் அணுக்கள் சிறுத்திருந்தால் தலசீமியாவுக்கான சோதனை வேண்டும். சுமப்பாளர் இருவர் மணந்துகொண்டால், ஒவ்வொரு பேறிலும் நான்கில் ஒரு பங்கு, கடும் தலசீமியாவோடு பிள்ளை பிறக்க வாய்ப்புண்டு. அப்பிள்ளைக்கு மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை வாழ்நாளெல்லாம் பிறர் இரத்தம் ஏற்ற வேண்டும். அதனால் சேரும் மிகை இரும்பை வெளியேற்ற வேறு மருந்தும் வேண்டும். மலாய்க்காரரிடமும் சீனரிடமும் மிகுதியாகக் காணப்பட்டாலும் இந்தியருக்கு இல்லை என்பதில்லை. கலப்பு மணமும் இன்று பெருகியுள்ளது. 2016இல் நான்காம் படிவ மாணவர்களுக்குப் பள்ளியிலேயே இச்சோதனை தொடங்கப்பட்டது. பெற்றோர்கள் சம்மதப் பாரத்தில் கையொப்பமிட ஏன் தயங்க வேண்டும்? "பெண்ணுக்கு மாப்பிள்ளை கிடைக்காமல் போய்விடும்" என்று அஞ்சுவது பேதைமை. பத்துப் பொருத்தம் பார்க்கும் நாம் பதினோராவதாக இரத்தத்தையும் பார்த்துவிட்டால் போகிறது.

சைவ உணவு கொள்ளும் அன்பர்களுக்கு ஒரு சொல். வைட்டமின் பி12 தாவர உணவில் இல்லை. பால், தயிர் வழியாக ஓரளவு கிடைக்கும். ஈரலில் அதன் சேமிப்பு சில ஆண்டுகளுக்குத் தாங்கும். எனவே தைப்பூசத்துக்கு 48 நாள் விரதம் இருப்பதால் பி12 குறைந்துவிடாது. வாழ்நாள் முழுதும் சைவமாக இருப்போரும், நீரிழிவுக்கு மெட்ஃபார்மின் மாத்திரையைப் பல்லாண்டு உட்கொள்வோரும் இதைச் சோதித்துக்கொள்ள வேண்டும். கால் மரத்துப்போதல், நடையில் தள்ளாட்டம், மறதி ஆகியவற்றை முதுமை என்று ஒதுக்கிவிடுகிறோம். பி12 குறைந்தவர் ஃபோலிக் அமிலத்தை மட்டும் உண்டால் இரத்தம் தேறிவிடும்; நரம்போ உள்ளுக்குள் கெட்டுக்கொண்டே போகும்.

இரும்புக்குப் பயறும் கீரையும் துணை. கொய்யாவோ எலுமிச்சையோ உடன் சேர்ந்தால் உடலில் நன்கு ஏறும். சாப்பாட்டோடு குடிக்கும் தேத்தாரே அதைத் தடுத்துவிடும். அன்னதானம் முடிந்து ஒரு மணி நேரம் பொறுத்துக் குடியுங்கள்.

முதியவர்களை இறுதிக்கு வைத்தேன். சிறுநீரகம் பழுதானால் சிவப்பணுவை உண்டாக்கத் தூண்டும் சுரப்பு குறைந்து சோகை வரும். இரும்பு மாத்திரை மட்டும் அதைத் தீர்க்காது. மாதவிலக்கு நின்ற பெண்ணுக்கோ, வயது முதிர்ந்த ஆணுக்கோ இரும்புக் குறைவு காணப்பட்டால், இரத்தம் எங்கோ கசிகிறது என்றே முதலில் ஐயுற வேண்டும். மூட்டுவலி மாத்திரையால் இரைப்பையில் உண்டான புண்ணாக இருக்கலாம்; பெருங்குடல் புற்றுநோயின் முதல் அறிகுறியாகவும் இருக்கலாம். மலம் கறுத்துப் போவதைக் கூச்சத்தால் மறைக்காதீர்கள். டானிக் குடித்து எண் ஏறிவிட்டது என்று நிறைவடையாமல், கசிவு எங்கே என்று மருத்துவரிடம் கேளுங்கள். குழாய் விட்டுப் பார்க்க வேண்டும் என்றால் மறுக்காதீர்கள். தொடக்கத்திலேயே கண்டால் அப்புற்றுநோயை அறுவையால் நீக்கிவிட இயலும்.