குப்பைக்கோழியைப் பார்த்தவர்



குறுந்தொகையின் 305ஆம் பாடலைப் பாடியவர் பெயர் குப்பைக்கோழியார். எந்தத் தாயும் தன் பிள்ளைக்கு அப்படிப் பெயர் வைத்திருக்க மாட்டாள். அவருடைய சொந்தப் பெயர் தொலைந்துபோய், பாட்டில் அவர் காட்டிய காட்சியே பெயராக நின்றுவிட்டது. குப்பைமேட்டில் கோழிகள் சண்டை போடுகின்றன. யாரும் பந்தயம் கட்டி மோதவிட்ட சண்டை இல்லை அது. ஏவிவிடவும் ஆளில்லை, விலக்கிவிடவும் ஆளில்லை. தானாக ஓய்ந்தால்தான் உண்டு. காதலில் தவிக்கும் ஒரு பெண் தன் துயரத்தையும் அப்படிச் சொல்கிறாள்: வந்து தீர்த்துவைப்பார் யாருமில்லை, அதுவாக அடங்கினால்தான் உண்டு என்று.

கோழிச் சண்டையை அந்தக் காலத்தில் ஊரே பார்த்திருக்கும். இறகு பறப்பதையும் மண் எழும்புவதையும் பிள்ளைகள்கூடச் சொல்லியிருப்பார்கள். விலக்கிவிட அங்கே ஒருவரும் இல்லை என்பதைப் பார்த்தவர் இவர்தான். இல்லாத ஒன்றைப் பார்ப்பதற்கு எவ்வளவு நேரம் அங்கே நின்றிருக்க வேண்டும்!

இவர் ஒருவர் மட்டும் இல்லை. ஆள் போய்விட்ட வீட்டு முற்றத்தில் அணில் விளையாடுவதைச் சொன்னவர் அணிலாடுமுன்றிலார். மழை ஈரம் காய்வதற்குள் உழுதாக வேண்டிய ஒற்றை ஏர்க்காரனின் பதற்றத்தைச் சொன்னவர் ஓரேருழவனார். நற்றிணையில் ஒருவர், வீட்டுக்குத் திரும்பிவிடலாம் என்று நெஞ்சு ஒருபுறமும் வந்த வேலையை முடித்துவிட்டுப் போ என்று அறிவு ஒருபுறமும் இழுக்க நடுவில் நைந்துபோகும் மனிதனை, இரண்டு யானைகள் பற்றி இழுக்கும் பழங்கயிறு என்றார். அவர் பெயர் தேய்புரிப்பழங்கயிற்றினார். பொன்னும் முத்தும் தேரும் போரும் நிறைந்திருந்த காலம்தான் அது. இவர்களுக்கு நிலைத்த பெயரை வாங்கித் தந்தவையோ கோழி, அணில், ஏர், கயிறு.

இன்று பட்டம் வாங்கும் தம்பி தங்கைகளே, உங்களில் பெரும்பாலோர் எழுத்தாளர் ஆகப்போவதில்லை. கணக்கு எழுதப் போவீர்கள், மருந்துக் கம்பெனிக்குப் போவீர்கள், போட்டித் தேர்வுக்குப் படிப்பீர்கள், சிலர் அப்பாவின் கடையில் உட்காருவீர்கள். அது தெரிந்துதான் கேட்கிறேன். நாளுக்கு ஒரு பக்கம் எழுதுங்கள். அன்று கண்ணில் பட்ட ஒரு பொருளை, ஒரு ஆளை, ஒரு பேச்சை எழுதுங்கள். மனதில் ஏதாவது பொறி தட்டட்டும், பிறகு எழுதலாம் என்று காத்திருக்காதீர்கள். அப்படிக் காத்திருந்தே வயதாகிப்போன நல்ல திறமைசாலிகளை எனக்குத் தெரியும். பொறி எழுத்துக்கு முன்னால் வருவதில்லை. எழுத உட்கார்ந்தவனுக்குத்தான் வருகிறது.

எப்படி என்று கேட்டால், ஒன்றைக் காட்டுகிறேன். எங்கள் தெருமுனைப் பிள்ளையார் கோயில் ஓரமாக ஒரு அம்மா பூக்கட்டி விற்கிறார். அவரைப் பற்றி முதலில் நான் எழுதியது ஒரே வரி. பூக்கார அம்மா மல்லிகை கட்டிக்கொண்டிருந்தார். அதற்கு மேல் எழுத என்னிடம் எதுவும் இல்லை. அடுத்த முறை எழுத உட்கார்ந்தபோது, அவர் நாரை எங்கே வைத்திருக்கிறார் என்ற கேள்வி வந்தது. போய்ப் பார்த்தேன். ஒரு பழைய டப்பாவில் தண்ணீர் ஊற்றி, வாழைநாரைக் கிழித்து ஊறப்போட்டிருந்தார். காய்ந்த நார் காம்பை அறுத்துவிடுமாம்.

பிறகு கையைப் பார்த்தேன். இரண்டு மொட்டின் தலை இந்தப் பக்கம், இரண்டு மொட்டின் தலை அந்தப் பக்கம், காம்புகள் நடுவில் ஒன்றன்மேல் ஒன்று. நாரை விரலில் சுற்றி, காம்பில் மாட்டி, ஒரு இழுப்பு. இறுக்கினால் காம்பு துண்டாகிவிடும், தளர்ந்தால் தலையில் வைக்கும்போதே உதிரும். இத்தனையும் விரல் பார்த்துக்கொள்கிறது. அவர் கண் வருகிறவர் முகத்தில் இருக்கிறது. முழங்கையிலிருந்து நடுவிரல் நுனிவரை முழம் போட்டு, அதற்கு மேல் இரண்டு கண்ணி விட்டுத்தான் நறுக்குகிறார். பள்ளிக்கூடத்துக்குப் போகும் பெண்பிள்ளைகளுக்கு இன்னும் கொஞ்சம் தாராளம். முகூர்த்த நாளில் பூ விலை ஏறும்போது, அளவு முழத்தோடு நின்றுவிடும். பிள்ளைகளுக்கு மட்டும் அன்றைக்கும் அந்த இரண்டு கண்ணி உண்டு.

இந்தக் கடைசி விஷயம் தெரிய எனக்கு ஒரு முகூர்த்த மாதம் முழுவதும் ஆனது. அதற்குள் ஒரு கதை இருக்கிறது, ஒரு பொருளாதாரப் பாடமும் இருக்கிறது. எழுதாமல் இருந்திருந்தால் நான் பூ வாங்கிக்கொண்டு போயிருப்பேன், அவ்வளவுதான். எனக்கு எது தெரியாது என்பதை நோட்டுதான் எனக்குச் சொன்னது. அதுதான் என்னைத் திரும்பவும் அங்கே அனுப்பியது.

செல்போனில் ஒரு படம் எடுத்தால் போதாதா என்று உங்களுக்குத் தோன்றலாம். தாராளமாக எடுங்கள். ஆனால் படம் எடுத்த உடனே மனசு நகர்ந்துவிடுகிறது, பார்த்தாயிற்று என்று முடிவுகட்டிவிடுகிறது. எழுதுகிறவருக்கு அந்த நிம்மதி கிடைக்காது. நார் என்ன நிறம், டப்பா எந்தக் கைப்பக்கம் என்று ஏதாவது ஒன்று அவரை அரித்துக்கொண்டே இருக்கும்.

ஒன்றுமே தோன்றாத நாள்களும் வரும். அந்த நாள்களில் புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளையை நினைத்துக்கொள்ளுங்கள். பிரெஞ்சுக்காரர்களிடம் துபாஷியாக, அதாவது மொழிபெயர்த்துச் சொல்லும் இடையாளராக இருந்தவர், வியாபாரி. 1736இல் நாட்குறிப்பு எழுதத் தொடங்கி, இடையிடையே விடுபட்டாலும், 1761இல் இறக்கும் காலம்வரை எழுதினார். இலக்கியம் செய்வதாக அவர் நினைத்ததாகத் தெரியவில்லை. கப்பல் வந்தது, எத்தனை பீரங்கி போட்டார்கள், யாருக்கு என்ன வெகுமானம், பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்ஸ் என்ன கேட்டார், தான் என்ன சொன்னார், ஊரில் என்ன பேசிக்கொண்டார்கள் என்று, பேசுகிற தமிழிலேயே எழுதிவைத்தார். 1748இல் வேதபுரீஸ்வரர் கோயில் இடிக்கப்பட்டபோது ஊர் பட்ட பாட்டையும் அதே கை எழுதியது. கப்பலையும் பீரங்கியையும் நாள்தோறும் எழுதிப் பழகியிருந்ததால்தான், அந்தப் பெரிய துயரம் வந்த நாளில் அந்தக் கைக்குச் சொல் கிடைத்தது என்று நான் நம்புகிறேன். 18ஆம் நூற்றாண்டுப் புதுச்சேரியை அறிய விரும்பும் எவரும் இன்று அவரிடம்தான் வர வேண்டியிருக்கிறது. ஆகவே, எதுவும் தோன்றாத நாளில் தக்காளி விலையை எழுதுங்கள். பஸ் எத்தனை மணிக்கு வந்தது, கண்டக்டர் என்ன சொன்னார் என்று எழுதுங்கள்.

எழுதும்போது அழகான, அற்புதமான, மனதை உருக்கும் என்ற சொற்களைத் தள்ளிவையுங்கள். நாம் பார்க்காமல் விட்டதை மூடி மறைக்கத்தான் அவை பெரும்பாலும் வருகின்றன. கி. ராஜநாராயணன் 'கதவு' கதையில் வறுமையைப் பற்றி உபதேசம் செய்யவில்லை. பிள்ளைகள் ஏறி நின்று பஸ் விளையாடிய கதவு, தீர்வை பாக்கிக்காகக் கழற்றிக்கொண்டு போகப்படுகிறது. வாசலில் கதவு இல்லை. அசோகமித்திரனுக்கு ஒரு நாவல் எழுதச் சென்னைத் தெருவின் தண்ணீர்ப் பஞ்சம் போதுமானதாக இருந்தது. அதன் பெயரே 'தண்ணீர்'.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்ததற்கு வருகிறேன். இந்த அரங்கில் பலர் உங்கள் வீட்டின் முதல் பட்டதாரி. உங்கள் வீட்டுத் தொழில் அநேகமாக உங்களோடு நின்றுவிடும். தறி ஓடும் வீட்டிலிருந்து வந்தவருக்குப் பாவு, ஊடை, நாடா, தார் என்ற சொற்கள் தாய்ப்பாலோடு வந்தவை. நீங்கள் குழித்தறியில் உட்கார வேண்டாம் என்றுதான் அப்பா உங்களைப் படிக்கவைத்தார். அது முற்றிலும் நியாயம். ஆனால் கஞ்சி போட்ட பாவைத் தெருவில் நீட்டி இழுத்துக் கட்டியிருக்கும்போது வானம் கறுத்தால் வீடே எழுந்து ஓடுமே, அந்த ஓட்டத்தை யார் எழுதுவார்கள்? அப்பாவுக்கு நேரம் இல்லை. நாளைக்கு உங்கள் பிள்ளைக்கு அந்தச் சொற்கள் தெரியாது. இரண்டுக்கும் நடுவில் கையில் பேனாவோடு நிற்பது நீங்கள் ஒருவர்தான். மீன்பிடிக் குடும்பமானாலும் உழவுக் குடும்பமானாலும் மளிகைக்கடையானாலும் இதேதான். வெளியூரிலிருந்து வந்து ஆராய்கிறவர் எவ்வளவு கெட்டிக்காரரானாலும், வானம் கறுத்ததும் அம்மா முதலில் எதைத் தூக்க ஓடினார் என்பது அவருக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்.

சாயங்காலம் கறுப்பு அங்கியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஊர் பஸ்ஸில் அம்மா பக்கத்தில் உட்காருவீர்கள். இன்றைக்கு எத்தனை மணிக்கு எழுந்தார், ஆட்டையோ மாட்டையோ கடையையோ யாரிடம் ஒப்படைத்துவிட்டு வந்தார், கட்டியிருக்கும் சேலை எந்த விசேஷத்துக்கு எடுத்தது என்று கேளுங்கள். அவர் சொல்கிற சொல்லிலேயே எழுதுங்கள், திருத்தாதீர்கள். மேலே தேதி போட மறக்காதீர்கள்.