அந்த விசில் சத்தம் உண்மையில்லை

இன்னிக்கு ஒரே ஒரு லைவ் ரெக்கார்டிங் பத்திதான் பேசப் போறேன். கன்ட்ரி மியூசிக் நமக்கு செட் ஆகாதுன்னு நினைக்கிறவங்களும் கொஞ்ச நேரம் இருங்க.

1968 ஜனவரி 13. கலிஃபோர்னியாவில் ஃபால்சம் சிறை. கைதிகள் சாப்பிடுற ஹால்ல மேடை போட்டு, ஜானி கேஷ் அன்னிக்கு ரெண்டு ஷோ பாடினார். முதல் பாட்டு ‘ஃபால்சம் பிரிசன் ப்ளூஸ்’. அதை அவர் 1955-லேயே ரெக்கார்ட் பண்ணிட்டார். அமெரிக்க விமானப்படையில் ஜெர்மனியில் இருந்தப்போ இந்தச் சிறையைப் பத்தின ஒரு படம் பார்த்து எழுதினது. மெட்டும் பல வரிகளும் கார்டன் ஜென்கின்ஸோட வேற ஒரு பாட்டிலிருந்து எடுத்தது, அதுக்குப் பின்னாடி பணமும் கொடுக்க வேண்டி வந்தது. அது தனிக் கதை.

பாட்டில் வர்ற ஆள், ஒருத்தன் சாகிறதை வேடிக்கை பார்க்கவே சுட்டேன்னு சொல்வான். ஆல்பத்தில் அந்த வரி முடிஞ்சதும் ஹாலே விசிலடிச்சுக் கத்துது. கேட்கும்போது உடம்பு சிலிர்க்கும். ஆனா அந்தக் கூச்சல் அங்க எழவே இல்லை. பின்னாடி ஸ்டுடியோவில் ஒட்டினது. காவலர்கள் சுத்தி நிக்கும்போது சிறையைப் பத்தின பேச்சுக்குக் கைதட்டினா பின்னாடி என்ன நடக்கும்னு கைதிகளுக்குத் தெரியும். அதனால அடக்கியே வாசிச்சாங்க.

எனக்கு இந்த எடிட்டிங் மேல கோபம்தான். ஆடியோ ஃபைலை வெட்டி ஒட்டுறவன்ங்கிற முறையில் அந்த ஆசை எனக்குப் புரியுது, செம எஃபெக்ட். ஆனா கொலையைக் கொண்டாடுற கூட்டம்னு ஒரு பிம்பத்தை அந்த மனுஷங்க தலையில கட்டிட்டாங்க. யோசிச்சு, பயந்து, அமைதியா உட்கார்ந்திருந்தவங்க காணாமப் போயிட்டாங்க.

அவங்களை நிஜமாவே கேட்கணும்னா கடைசிப் பாட்டுக்குப் போங்க. ‘கிரேஸ்டோன் சேப்பல்’. எழுதினவர் க்ளென் ஷெர்லி, ஆயுதம் காட்டிக் கொள்ளையடிச்ச வழக்கில் அதே சிறையில் இருந்த கைதி. சிறைக்குள்ள இருக்கிற தேவாலயத்தைப் பத்தின பாட்டு. ஒரு பாதிரியார் அதோட டேப்பை முந்தின நாள் கேஷ்கிட்ட கொடுக்க, அவர் ராத்திரியே உட்கார்ந்து கத்துக்கிட்டார். ஷெர்லிக்கு யாரும் சொல்லலை. அவர் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கார். இதை எழுதினவர் இங்கேயே இருக்கார்னு மேடையில் கேஷ் சொல்றார். குனிஞ்சு கை கொடுக்கிறார். அதுக்கப்புறம் வர்ற கைதட்டலை யாரும் ஒட்ட வேண்டியிருக்கலை.

அந்த ஹாலில் பேரைவிட நம்பருக்குத்தான் மதிப்பு. ஆல்பத்திலேயே நடுவில் ஸ்பீக்கரில் கைதி நம்பரைச் சொல்லிக் கூப்பிடுவாங்க, கவனிச்சுப் பாருங்க. அந்த இடத்தில் ஒருத்தரைப் பேர் சொல்லி, இது உன் பாட்டுன்னு சொன்னதுதான் என்னை அசைச்சது.

கேஷ் உதவியோட ஷெர்லி 1971-ல் வெளியே வந்தார். அவர் குழுவிலேயே பாடினார். 1972-ல் ரெண்டு பேரும் சிறைச் சீர்திருத்தம் பத்தி அமெரிக்க செனட் குழு முன்னாடி பேசினாங்க. ஆனா வெளி உலகம் அவருக்குப் பிடிபடலை. சக கலைஞர்களை மிரட்டுற அளவுக்குப் போனதால குழுவிலிருந்தும் விலக்கப்பட்டார். 1978-ல், 42 வயசில், தன் உயிரைத் தானே மாய்ச்சுக்கிட்டார்.

இது தெரிஞ்ச பிறகும் நான் அந்தக் கடைசி டிராக்கை ஸ்கிப் பண்றதில்லை. ஹெட்ஃபோன் போட்டுக் கேளுங்க.